சந்தனம் வைக்க ஆள் இல்லாத பெட்டி

வெள்ளியங்கிரியின் பம்பு கம்பெனியில் மிஷினுக்கு நம்பர் கிடையாது, ஆள்தான் உண்டு. ஐயாசாமி லேத்து, சென்னியம்மாள் வைண்டிங் மேசை, பழனியாத்தாள் பெயிண்டு ரூம் என்றுதான் சொல்வார்கள். ஆயுத பூசைக்கு அந்தந்த ஆளே தன் மிஷினைத் துடைத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். பக்கத்து மிஷினுக்கு அவசரத்துக்குக்கூட யாரும் வைத்துவிட மாட்டார்கள். வைத்தால் வருஷம் பூராவும் அதன் ரிப்பேரும் தங்கள் தலையில் விடிந்துவிடும் என்று ஒரு பயம். முப்பத்தொரு வருஷமாக இந்தப் பழக்கம் மாறவில்லை.

டிராயிங் ரூம் மூலையில் இருக்கும் சர்வருக்கு மட்டும் ஆள் இல்லை. கம்பெனியின் பம்பு வரைபடங்கள் அத்தனையும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. படம் வரைகிற மிஸ்பா தன் கம்ப்யூட்டருக்குப் பூச்சரம் சுற்றிவிட்டுப் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிவிடுவாள். மூலைப் பெட்டிக்கு வேறு வழியில்லாமல் முதலாளியே வருஷா வருஷம் பொட்டு வைப்பார்.

அந்தப் பெட்டியில் நான்கு வருஷத்துக்கு முன்னால், கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் சிஸ்டத்தை ஏற்றிக் கொடுத்தவள் செவ்வந்தி. கணபதி ஏரியாவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவளுடைய ஆபீஸ். அவளும், வேலைக்கு இரண்டு பெண்களும், கீழேயிருந்து ஏறிவருகிற தேங்காய் பன் வாசனையும்தான் கம்பெனி. லினக்ஸ் போட்டுக்கொடுப்பதும், போட்டதைப் பார்த்துக்கொள்வதும் தொழில். முதல் நாளே வெள்ளியங்கிரி அவளைக் கேட்டார்.

"ஏனுங் அம்மணி, இந்த லினக்ஸு யாருதுங்க?"

"யாருதுமில்லீங்க சார். உலகம் பூரா ஆளுக சேந்து எழுதறாங்க. எல்லாத்துக்கும் பொது."

பெருமையாகத்தான் சொன்னாள். அவருடைய முகம் சுருங்கிப்போயிற்று. பொது என்றதும் அவருக்குக் காரமடைப் பக்கத்தில் இருந்த கூட்டுக்கிணறுதான் ஞாபகம் வந்தது. ஆறு பங்காளிகளும் தண்ணீர் இறைத்தார்கள். தூர் வாருகிற வருஷம் மட்டும் ஆறு பேருக்கும் ஒரே சமயத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஊர் சொல்லும். வெள்ளியங்கிரி பல்லையும் பார்ப்பார், குளம்பையும் பார்ப்பார், அதற்குப் பிறகும் ஒரு வருஷம் தொழுவத்துக்கு வெளியேதான் கட்டிவைப்பார். அதனால்தான் நான்கு வருஷமாக அந்த ஒரு பெட்டியைத் தாண்டி லினக்ஸ் கம்பெனிக்குள் ஓரடிகூட எடுத்துவைக்கவில்லை.

இந்த வருஷம் நிலைமை மாறியது. ஆபீஸிலும் ஷெட்டிலுமாக இருந்த நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர்களில் ஓடுகிற சிஸ்டத்துக்குப் பூசை மாதத்தோடு அப்டேட் நின்றுவிடும் என்றாகிவிட்டது. புதிய சிஸ்டம் வேண்டுமானால் பழைய கம்ப்யூட்டர்களையே தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். செவ்வந்தி வந்து, இருக்கிற கம்ப்யூட்டர்களிலேயே லினக்ஸ் போட்டு மூன்று வருஷம் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் எழுதிக் காட்டினாள். வெள்ளியங்கிரியின் மருமகன் கிருபாசங்கருக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஏற்கெனவே ஒரு பெரிய கம்பெனியிடம் ஒப்பந்தம் வாங்கி வைத்திருந்தார்.

"ஊரான் ஊட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேங்கற கதையா இருக்குதுங் மாமா. எவனோ எழுதுனதை ஓசியில எறக்கி, நமக்கு ஊத்தறதுக்கு இவங்க காசு கேக்கறாங்க."

செவ்வந்திக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் பதில் நிதானமாகத்தான் வந்தது. "கெணத்துத் தண்ணியும் ஓசிதானுங்களே சார். அதை நம்பித்தான நீங்க பம்பு விக்கறீங்க?"

வெள்ளியங்கிரி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பாதி சம்மதம் இருந்தது. விஜயதசமியன்று நல்ல நேரம் முடிகிற பத்தரைக்குள் வந்து பேப்பரைக் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தக் கையெழுத்தில்தான் செவ்வந்தியின் தொழிலே தொங்கிக்கொண்டிருந்தது. சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனி அவளை வேலைக்கு வரச்சொல்லி மூன்று வாரமாக நெருக்கிக்கொண்டிருந்தது. விஜயதசமிக்கு மறுநாள் முடிவு சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர் கிடைத்தால் மாடி ஆபீஸ் நிற்கும். கிடைக்காவிட்டால் அந்த இரண்டு பெண்களுக்கும் வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

விஜயதசமியன்று பத்து மணிக்கே வந்துவிட்டாள். கேட்டுக்கு முன்னால் உடைத்திருந்த பூசணிக்காயில் சறுக்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டு உள்ளே வந்தால், எதிரே கிருபாசங்கர் நின்றிருந்தார். முகத்தில் கவலையும் இருந்தது, கூடவே ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

"வாங்க. உங்க லினக்ஸு கையை விரிச்சுப்போட்டுது."

முந்தைய நாள் பூசைக்காகக் கம்பெனி முழுவதும் மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார்கள். விஜயதசமியன்று எல்லா மிஷினும் சாஸ்திரத்துக்கு ஒரு வேலையாவது செய்ய வேண்டும். ஐயாசாமிக்கு லேத்தில் முதல் வேலைக்குப் படம் எடுத்துக் கொடுக்க மிஸ்பா சர்வரைத் திறந்தாள். ஏப்ரலுக்கு முன்பு வரைந்த படங்கள் இருந்தன. அதற்குப் பிறகு ஆறு மாதமாக வரைந்தது ஒன்றுகூட இல்லை, ஃபோல்டர் துடைத்துவைத்த தட்டாகக் காலியாகக் கிடந்தது. செவ்வந்தி உள்ளே நுழைந்தபோது மிஸ்பா நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புது மாடல் பம்பு ஏழும் அந்த ஆறு மாதத்துக்குள்தான் இருந்தன.

இதில் வேடிக்கை வெள்ளியங்கிரிதான். அறுபத்திரண்டு வயது மனிதர், நூற்றுச் சொச்சம் பேருக்குச் சம்பளம் போடுகிறவர், சர்வருக்குப் பக்கத்தில் பாத்திரத்தை உடைத்துவிட்ட பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"அம்மணி, நாந்தான் கெடுத்துப்போட்டனாட்ட இருக்குதுங்க. இந்த வருசம் சந்தனத்துல பன்னீரு கொஞ்சம் சாஸ்தியாப் போச்சு. வெச்சது வழிஞ்சு உள்ள எறங்கிருச்சு. பாருங்க இங்க."

பார்த்தாள். பெட்டியின் முன்பக்கம் காற்றுப் போகிற ஓட்டைகளில் சந்தனம் மஞ்சளாகக் காய்ந்து அடைத்திருந்தது. மனிதர் பக்தியில் குறை வைக்கவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கீபோர்டில் கை வைத்தாள். ஒரு நிமிஷத்துக்குள் காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் காது இரண்டும் சூடேறின.

ஏப்ரலில் சர்வரில் இடம் நிரம்பிவிட்டது என்று மிஸ்பா கூப்பிட்டிருந்தாள். செவ்வந்தி வந்து புதிதாக ஒரு டிஸ்க்கைப் பொருத்தி ஓடவிட்டாள். அப்படிச் சேர்க்கிற டிஸ்க்கை, பெட்டி ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் தானாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு ஃபைலில் ஒரே ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். எழுதிய பிறகு, ஒருமுறை அணைத்து ஏற்றிப் பார்க்கவும் வேண்டும். அன்று வடக்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது, வண்டியில் ரெயின்கோட் இல்லை. நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று கிளம்பினவள்தான். யூ.பி.எஸ்ஸும் ஜெனரேட்டரும் புண்ணியம் கட்டிக்கொண்டதால் பெட்டி ஆறு மாதமாக அணையவே இல்லை. பூசைக்கு அணைந்தது, எழுந்தது, புது டிஸ்க்கை அதற்கு ஞாபகமில்லை.

படம் எதுவும் அழியவில்லை. அவள் டிஸ்க்கைச் சேர்த்தாள், ஏப்ரலில் எழுதாமல் விட்ட வரியை எழுதினாள். எல்லாம் நான்கு நிமிஷம்.

"அல்லா," என்று மிஸ்பா மூச்சு விட்டாள். "எல்லாமே இருக்குதுக்கா."

வெள்ளியங்கிரியின் தோள் இரண்டு அங்குலம் இறங்கிற்று. மருமகன் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா மாப்ள? லினக்ஸைக் குத்தஞ் சொல்லாதீங்க. என்ற தப்பு இது. நாஞ் சந்தனத்தை ஊத்துனதுக்கு அது என்ன பண்ணும்? அம்மணி, பேப்பரைக் கொண்டாங்க. நேரம் முடியறதுக்குள்ள கையெழுத்துப் போட்டர்றேன்."

மாமனார் தன் தப்பு என்று சொன்ன பிறகு மருமகன் என்ன பேச முடியும்?

செவ்வந்தி பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கை அதைவிட்டு எழவில்லை. சும்மா இருந்தால் போதும். யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை. அவள் அம்மா பாவாத்தாள் தொண்டாமுத்தூரில் ஒரு தோட்டத்தில் இருபது வருஷம் வேலை செய்தவள். தோட்டத்தில் எது உடைந்தாலும் அதன் சொந்தக்காரரான பண்ணாடியின் பார்வை முதலில் நம் பக்கம்தான் திரும்பும், நீயாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே என்று சொல்லிச் சொல்லியே மகளை வளர்த்தாள். இங்கே பார்வை இவள் பக்கம் திரும்பவே இல்லை. தவிர, இதில் ஒரு நியாயமும் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. காசு கொடுத்து வாங்கிய சிஸ்டம் வாரத்துக்கு ஒருமுறை மக்கர் பண்ணினாலும் அணைத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். லினக்ஸ் நான்கு வருஷத்தில் ஒருமுறை தடுக்கினால் பஞ்சாயத்துக் கூட்டுகிறார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஒரு தடவை மருமகள் சும்மா இருந்துவிட்டால் என்ன?

அப்போது வெள்ளியங்கிரி தோள் துண்டின் முனையை நனைத்து, பெட்டி ஓட்டைகளில் இருந்த சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே மிஸ்பாவிடம் மெதுவாகச் சொன்னார். "அடுத்த வருசம் இதுக்குச் சந்தனம் வேண்டாங் கண்ணு. நானே மறந்தாலும் நீ ஞாபகப்படுத்து. என்ற கைராசி இதுக்கு ஆவலையாட்ட இருக்குது."

செவ்வந்திக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"சார், சந்தனத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க," என்றாள். "எந் தப்புங்க. ஏப்ரல்ல டிஸ்க்கு மாட்டுனப்ப ஒரு வரி எழுதாம உட்டுப்போட்டேன். நீங்க சந்தனமே வெக்காம இருந்திருந்தாலும் இன்னைக்கு இதே கதைதான் ஆயிருக்கும்."

வெள்ளியங்கிரி துண்டோடு அப்படியே திரும்பினார்.

"நீங்க சொல்லலீன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்களா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"அப்பறம் எதுக்குங் சொன்னீங்க?"

"அடுத்த வருசம் சந்தனம் வெக்க மாட்டீங்களேன்னுதானுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் நடந்தது. கிருபாசங்கருக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது. "கேட்டீங்களா மாமா? மழைக்கும் வெயிலுக்கும் ஓடற ஆளுகளை நம்பி நாப்பத்திரண்டு சிஸ்டத்தை ஒப்படைக்கறதா? நான் அப்பருந்தே சொல்றேன். பெரிய கம்பெனின்னா ஒரு பொறுப்பு இருக்கும்."

மழையைப் பற்றி அவள் வாய் திறக்கவே இல்லை. அவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னது இவளுக்குச் சரியாகப் போய்த் தைத்தது.

"அவங்க பேப்பரைக் கொண்டாங்க மாப்ள," என்றார் வெள்ளியங்கிரி. "மிஸ்பா, கெட்டுப்போனா யாரு பொறுப்புன்னு அதுல எங்க போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லு கண்ணு."

மிஸ்பா பக்கங்களைப் புரட்டினாள். ஒன்பதாம் பக்கத்தில் அகப்பட்டது. இங்கிலீஷில் படித்து, தமிழில் சொன்னாள். "சிஸ்டத்தால என்ன நட்டம் வந்தாலும் எந்த விதத்துலயும் நாங்க பொறுப்பில்லைன்னு போட்டிருக்குதுங்."

"அம்மணியோடதையும் படி."

செவ்வந்தி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடையதில் அது நான்காம் பக்கம். ஒப்பந்தம் எழுத வக்கீல் வைக்க வசதியில்லாமல், நெட்டில் ஒரு மாதிரியை இறக்கிப் பெயரை மட்டும் மாற்றியிருந்தாள்.

மிஸ்பா படித்துவிட்டு, தயக்கத்தோடு நிமிர்ந்தாள். "அதே வரிதானுங். ஒரு வார்த்தைகூட மாறலீங்க."

வெள்ளியங்கிரி நாற்காலியில் உட்கார்ந்தார். கோபமாகத் தெரியவில்லை. கணக்குப் புரியாத ஆள் மாதிரிதான் இருந்தார். "காயிதம் பொறுப்பில்லீங்குது. வாயி எந் தப்புங்குது. நான் எதை நம்பறதுங் அம்மணி?"

அந்த வரியில்லாமல் இந்தத் தொழிலில் யாரும் ஒப்பந்தம் போடுவதில்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். நாளைக்கே நாற்பத்திரண்டில் ஏதாவது ஒன்று படுத்து, பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனால், அவளை நனையாமல் காப்பாற்ற அந்தக் காகிதத்தில் இருப்பது அந்த ஒரு வரிதான். அதை விட்டுவிட்டால் மேல்மாடி ஆபீஸ் என்ன, அவள் வண்டிகூட மிஞ்சாது. இருந்தாலும் பேனாவை எடுத்தாள். வரியை முழுதாக அடித்தாள். அதற்கு மேலே இருந்த இடத்தில் தமிழில் எழுதினாள்: 'எங்கள் வேலையில் வந்த பிழையை நாங்களே வந்து சொல்லி, எங்கள் செலவில் சரிசெய்து கொடுப்போம்.' பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.

வெள்ளியங்கிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். பிறகு தன் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

"மாமா, நல்ல நேரம் முடிஞ்சு பத்து நிமிசம் ஆச்சுங்," என்றார் கிருபாசங்கர்.

"ஆகட்டுமுங் மாப்ள."

பெண் பார்க்கக் கிளம்புவதிலிருந்து போர்வெல் போடுவதுவரை நேரம் பார்க்கிற மனிதர், நேரம் தப்பிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "உங்க லேப்டாப்பு மட்டும் உங்க இஷ்டமுங்," என்று மருமகனுக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டார். கிருபாசங்கர் லேப்டாப்பை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

இதற்குள் டிராயிங் ரூம் வாசலில் ஐயாசாமியும் இன்னும் நான்கைந்து பேரும் கூடியிருந்தார்கள். படம் வராமல் லேத்து முதல் வேலையைத் தொடங்க முடியாது. செவ்வந்தி எழுந்தாள்.

"இன்னொரு வேலை பாக்கியிருக்குதுங்க சார். இதை மறுக்கா ஒருக்கா நிறுத்தி ஏத்திப் பாக்கோணும்."

"அதான் வந்துருச்சே, மறுபடியும் எதுக்கு நோண்டறீங்க?" என்றார் கிருபாசங்கர்.

"ஏப்ரல்ல இதைத்தானுங் பண்ணாமப் போனேன்."

சர்வரை முறைப்படி அணைத்தாள். விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. வெள்ளியங்கிரி பூசை மாடத்துக்குப் போய், மிச்சமிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தார். பெட்டிமேல் தான் வைத்திருந்த பழைய பொட்டைத் துண்டால் சுத்தமாகத் துடைத்தார். கிண்ணத்தை அவளிடம் நீட்டினார்.

"நிக்கறப்பவே வெச்சுப்போடுங் அம்மணி."

செவ்வந்தி கிண்ணத்தைப் பார்த்தாள். தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் பாவாத்தாள் இருபது வருஷம் மாடு குளிப்பாட்டினாள். ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் பொட்டு வைக்க மட்டும் பண்ணாடி வீட்டிலிருந்து ஆள் வருவார்கள். அம்மா ஈரச் சேலையோடு தள்ளி நின்று பார்ப்பாள். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பொங்கிப் பொங்கி அழுதது செவ்வந்திக்கு ஞாபகம் வந்தது. கிண்ணத்தை வாங்கினாள். ஓட்டைப் பக்கம் போகாமல், பெட்டியின் மேல்தகட்டில் அளவாக ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்தாள். அதே விரலால் சுவிட்சை அமுக்கினாள்.

பெட்டி எழுந்து வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. கிருபாசங்கர்கூட எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ்பா மெள்ளக் கையை மவுஸுக்குக் கொண்டுபோய் ஃபோல்டரைத் திறந்தாள்.

வாசலில் நின்ற ஐயாசாமிக்கு அங்கிருந்து திரை தெரியவில்லை. பெட்டிமேல் இருந்த ஈரப் பொட்டுதான் தெரிந்தது.

"ஏனுங் மிஸ்பா," என்று கேட்டார், "செவ்வந்தி பொட்டி வந்துருச்சுங்களா? லேத்து காத்துக் கெடக்குது."

"வந்துருச்சுங்ணா," என்று சொல்லி, மிஸ்பா அவருக்குப் படத்தைப் பிரிண்ட் போட்டாள்.